முதல் மட்டை

பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்கிற பிள்ளை, இரண்டு விரற்கடை கூடுதலாக வை" என்று தையற்காரரிடம் சொல்வது கோவிற்பட்டிச் சீமையில் எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். மழையை நம்பிக் கரிசல் மண்ணில் பருத்தியும் உளுந்தும் விதைக்கும் மக்களுக்கு இச்சிக்கனம் இயல்பானதே. ஆனால், இதே கணக்கை விளையாட்டு மட்டைக்கும் போடலாமா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

கடைக்குப் போகுமுன் பிள்ளை ஆடப்போவது இறகுப்பந்தா, பூப்பந்தா என்பதைக் கேட்டறிய வேண்டும். இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பணத்தை இழந்த பெற்றோர் பலர். இறகுப்பந்தின் எடை ஏறத்தாழ 5 கிராம். சிறு காற்றும் அதனை இழுத்துச் சென்றுவிடும். ஆதலின் அதற்கு நாற்புறமும் அடைத்த கூடம் தேவை. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே நம் பகுதியின் காற்றுக்குச் சாட்சி. ஆடி மாதத்தில் திறந்த வெளியில் இறகுப்பந்து ஆடுவது ஆகாத காரியம். பூப்பந்தோ மஞ்சள் நிறக் கம்பளி நூலால் ஆனது. 27 முதல் 30 கிராம் வரை எடையுள்ளது. தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் இவ்வாட்டத்திற்கு 1954-ஆம் ஆண்டில் அகில இந்தியச் சம்மேளனம் அமைந்தது. மண் தரையும் ஒரு வலையும் இருந்தாற் போதும். நம் பள்ளிகளில் இது வேரூன்றியதற்குக் காரணம் அதுவே.

பந்து வேறானால் மட்டையும் வேறாகும். இக்கால இறகுப்பந்து மட்டை பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவானது. அதனைக் கொண்டு கம்பளிப் பந்தை அடித்தால் நரம்பு அறும், சட்டமும் முறியும். பூப்பந்து மட்டைக்கு விதி கூறும் எடை 165 முதல் 185 கிராம். அவ்வெல்லைக்குள் இலேசானதே தொடக்கக்காரனுக்கு ஏற்றது.

இதனை நான் கற்றது ஒரு தவற்றினால். பல ஆண்டுகளுக்கு முன், பருத்தி விற்ற பணத்தோடு ஒரு தந்தை என்னிடம் வந்து, "ஐயா, நீங்களே பார்த்து ஒரு மட்டை வாங்கித் தாருங்கள்" என்றார். பையனுக்கு வயது பதினொன்று. பத்தாம் வகுப்பு வரை உழைக்கட்டும் என்று கனமான, பிடி பருத்த மட்டையாக நானே தேர்ந்தெடுத்தேன். இரண்டு மாதத்தில் பையன் ஆட்டக்களத்தின் ஓரத்தில் உட்காரத் தொடங்கினான். மணிக்கட்டு வலியை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் வாங்கித் தந்த மட்டையாயிற்றே! உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளியின் பழைய மட்டை ஒன்றைக் கையில் கொடுத்த பிறகே அவன் கை தடையின்றி வீசியது. அன்று மாலை அத்தந்தையிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். "நான்தானே ஐயா, நாள்பட உழைக்கிறதாய்க் கேட்டேன்" என்றார் அவர். அச்சொல் என்னை மேலும் நாணச் செய்தது.

ஆகவே, பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கையை நீட்டி மட்டையைப் பிடித்தபடி நிதானமாக இருபது எண்ணச் சொல்லுங்கள். அதற்குள் மட்டையின் தலை தாழ்ந்தால், அது அவனுக்குக் கனம். பிறகு பிடியைப் பாருங்கள். விரல்களை மடக்கிப் பிடித்தபின், விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே மற்றக் கையின் சுண்டுவிரல் நுழையும் அளவு இடம் இருந்தால் சரி. அதிக இடம் இருந்தால் பிடி பெரிது. நரம்பை மிக இறுக்கமாகக் கட்டச் சொல்லாதீர்கள். சற்றே தளர்ந்த நரம்பு பந்தைத் தானே உந்தும். இறுகிய நரம்புக்குத் தோள்வலிமை வேண்டும். விலை உயர்ந்த மட்டைகள் பல, தேர்ந்த ஆட்டக்காரருக்கென்றே அமைந்தவை. அவற்றால் புதியவனுக்குப் பயனில்லை.

சிக்கனத்திற்கு இடமே இல்லையோ எனில், உண்டு. மெல்லிய பிடியைத் துணிநாடா சுற்றி ஆண்டுதோறும் பருமனாக்கிக்கொள்ளலாம். பருத்த பிடியைச் செதுக்கி மெலிதாக்குவது எளிதன்று. எனவே, பிள்ளையோடு வளரக்கூடியது சிறிய பிடியே. ஆட்டம் முடிந்ததும் மட்டையை வெயிலில் போடாமல் உறையிலிட்டு நிழலில் மாட்டும் பழக்கமும் வேண்டும். இல்லாவிடில் நரம்பு விரைவில் கெடும்.

சட்டை பெரிதாயிருந்தால் கையை மடித்துவிட்டுக் கொள்ளலாம். மட்டை பெரிதாயிருந்தால் பிள்ளை மடிப்பது தன் ஆசையைத்தான். நாளைய கைக்கன்று, இன்றைய கைக்கே மட்டையை வாங்குங்கள்.