சுரம் எழுதும் நிரல்

மேலைநாட்டு இசையை ஐந்து கோடுகளின் மீதும் அவற்றின் இடைவெளிகளிலும் குறித்து வைக்கும் முறை ஐங்கோட்டுக் குறியீடு எனப்படுகிறது. ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற பெயரில் திரையிசைக் கலைஞர்களிடையே அது நன்கு பழகிய ஒன்று. இக்குறியீட்டைக் கணினியில் எழுதி அச்சிட உதவும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள், மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை தருபவை திறமூல மென்பொருள்கள். அவற்றின் சிறப்பு விலையின்மையே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அதனினும் பெரிய செய்தி வேறொன்று உண்டு: அச்சுக் கலைஞர்கள் கைப்பழக்கமாகவே காத்துவந்த அழகுணர்ச்சி இங்கே எண்களாகவும் விதிகளாகவும் எழுதப்பட்டு, அதனோடு உடன்படாதவர் மாற்றிக்கொள்ளும் வண்ணம் திறந்து வைக்கப்பட்டுள்ளது.

அந்த அழகுணர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண வேண்டும். கணினிக்கு முற்பட்ட காலத்தில் ஐரோப்பிய இசை நூல்கள் பெரும்பாலும் உலோகத் தகடுகளில் செதுக்கப்பட்டே அச்சாயின. வெள்ளீயமும் காரீயமும் கலந்த தகட்டின் மீது ஐந்து பற்கள் கொண்ட கருவியை ஒரே இழுப்பாக இழுத்து ஐந்து கோடுகளையும் வரைந்த பின், சுரத்தின் தலை, கூட்டல் குறி (ஷார்ப்), குறைத்தல் குறி (ஃபிளாட்) ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய எஃகு அச்சைத் தகட்டில் நிறுத்திச் சுத்தியலால் அடித்துப் பதித்தார்கள். தகட்டில் எல்லாம் இடவலம் மாறியே இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் பின்புறமிருந்து தட்டி மேடாக்கிச் சமன் செய்து மீண்டும் பதிக்க வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் நகரம் இத்தொழிலின் தலைமையிடமாக நெடுங்காலம் விளங்கியது. ஆசானிடம் பல ஆண்டுகள் இருந்து பழகிய பிறகே ஒருவர் தேர்ந்த செதுக்கர் ஆனார். அவர் கற்றவற்றில் பெரும்பகுதி ஏட்டில் ஏறாமல் கண்ணிலும் கையிலும் மட்டுமே தங்கியிருந்தது.

ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதையே சான்றாகக் கொள்ளலாம். இரு மடங்கு நேரம் ஒலிக்கும் சுரத்துக்கு இரு மடங்கு இடம் விட்டால் வரி சிதறிப்போகும். எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அளவு இடம் விட்டால் வாசிப்பவர் கண் தாளத்தைப் பற்றிக்கொள்ளாது. ஆகவே நேரம் இரட்டிக்கும்போதெல்லாம் இடம் இரட்டிக்காமல், ஏறக்குறைய ஒரு சுரத்தலையின் அகலம் மட்டும் கூடுவதே பொருத்தமாக அமைகிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தண்டு எனப்படும் செங்குத்துக் கோடு மேல்நோக்கியதானால் சுரத்தலையின் வலப்பக்கத்திலும் கீழ்நோக்கியதானால் இடப்பக்கத்திலும் ஒட்டுவதால், மேல்தண்டுச் சுரத்தை அடுத்துக் கீழ்த்தண்டுச் சுரம் வரும்போது இரு தண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கி, உண்மையில் உள்ளதைவிட இடம் குறைவானதாகக் கண்ணுக்குத் தோன்றும். பழைய செதுக்கர்கள் அங்கே மயிரிழை அளவு இடத்தைக் கூட்டினார்கள். தண்டுகளின் வரிசை மாறி வந்தால் அதே அளவு குறைத்தார்கள். தொடக்ககாலக் கணினி அச்சில் இத்தகைய திருத்தங்கள் பெரும்பாலும் இல்லாமையால், அந்தப் பக்கங்கள் பிழையற்று இருந்தும் உயிரற்றுத் தோன்றின.

இக்குறையைக் கண்டு மனம் பொறாத இருவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹூய்ஸ், யான் நியூவென்ஹூய்சன் ஆகியோர். இருவரும் இசைக்கருவி வாசிக்கத் தெரிந்த நிரலாளர்கள். 1996இல் அவர்கள் தொடங்கிய லில்லிபாண்ட் என்னும் மென்பொருள், பின்னர்க் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தின் ஓர் அங்கமாகி இன்றுவரை வளர்ந்து வருகிறது. பேரன்ரைட்டர் பதிப்பகம் 1950இல் வெளியிட்ட, கையால் செதுக்கப்பட்ட, இசையமைப்பாளர் பாக்கின் தனிச்செல்லோ இசைத்தொகுப்பை முன்னே வைத்துக்கொண்டு, தங்கள் மென்பொருள் அச்சிட்ட பக்கத்தை அதனோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, கோட்டின் தடிப்பு முதல் குறைத்தல் குறியின் வளைவு வரை திருத்திக்கொண்டே சென்றார்கள். கணினித் துறையில் அரிதான பணிவு இது: பழைய கைத்தொழிலைத் தோற்கடிக்க முயலாமல் அதனிடம் பாடம் கேட்டார்கள்.

லில்லிபாண்டில் இசையைச் சுட்டியால் திரையில் வரைவதில்லை. எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். சுரத்தின் பெயரை எழுதி, அதை ஒட்டி 4 என்ற இலக்கத்தை இட்டால் அது கால் சுரம். 8 என்று இட்டால் அரைக்கால் சுரம். இவ்வாறு எழுதிய கோப்பை மென்பொருள் படித்து, நிரலாளர்கள் தொகுப்பி என்று வழங்கும் முறையில், அச்சுக்கு ஆயத்தமான பக்கமாக மாற்றித் தருகிறது. பழக்கமற்றவருக்கு இது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் எழுத்தாக உள்ள இசையைக் கட்டுரையைப் போலவே தேடலாம், ஒட்டலாம், இரு பதிப்புகளை ஒப்பிடலாம். பார்வையற்ற இசைஞரும் திரைவாசிப்பான் துணையுடன் எழுதலாம்.

அழகுணர்ச்சி எண்ணாகும் விதத்தை ஸ்லர் என்னும் வளைகோட்டில் தெளிவாகக் காணலாம். பல சுரங்களைத் தொடர்ந்து இசைக்க வேண்டும் என்று காட்ட, அவற்றை அணைத்தபடி ஒரு வில்வளைவு வரையப்படுகிறது. அதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதற்கு லில்லிபாண்ட் ஒரே விடையைக் கணக்கிடுவதில்லை. பல விடைகளை வரைந்து பார்த்து ஒவ்வொன்றின் அழகின்மைக்கும் தண்டப்புள்ளி போடுகிறது. வளைவு சுரத்தலை ஒன்றன்மீது இடித்தால் அதற்கான தண்டத்தின் அளவு 1000. தண்டின்மீது இடித்தால் 30 மட்டுமே. மிகக் குறைந்த தண்டம் பெற்ற வளைவே அச்சேறுகிறது. தலைமீது இடிப்பது பெருங்குற்றம், தண்டின்மீது இடிப்பது சிறுகுற்றம் என்ற செதுக்கரின் தீர்ப்பு இந்த இரு எண்களில் அடங்கியிருக்கிறது. இவை மறைத்து வைக்கப்பட்டவையும் அல்ல. தண்டின்மீது இடிப்பதையும் பெருங்குற்றமாகக் கருதும் பதிப்பாசிரியர் அந்த 30ஐ 300 ஆக்கித் தம் நூல் முழுவதற்கும் வேறொரு முகம் தந்துவிட முடியும்.

மென்பொருளை இவ்வாறு தத்தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக் கொள்வதில் சில படிகள் உள்ளன. அச்சாகும் ஒவ்வொரு பொருளுக்கும், அதாவது சுரத்தலை, தண்டு, கோடு, பாடல்வரி என ஒவ்வொன்றுக்கும், நிறம், தடிப்பு, தொலைவு முதலிய பண்புகள் உண்டு; கோப்பிலேயே ஒரு வரி எழுதி அவற்றை மாற்றிவிடலாம். ஐந்து கோடுகளுக்குப் பதிலாகத் தாளவாத்தியத்துக்கு ஒரே கோடு போதுமெனில், கோடுகளின் எண்ணிக்கை 1 என்று எழுதினால் முடிந்தது. அதற்கு மேற்பட்ட படியில், பக்கத்தை உருவாக்கும் சிறு நிரற்பகுதிகளையே கழற்றவும் மாட்டவும் இயலும். மென்பொருளின் ஆக்கியோர் இவற்றுக்குப் பழைய தொழிலின் நினைவாகச் செதுக்கர்கள் என்றே பெயரிட்டுள்ளனர்: தாளக்குறியை எழுத ஒரு செதுக்கர், அளவுக்கோட்டை எழுத ஒரு செதுக்கர், வளைவுக்கு ஒரு செதுக்கர். தாள அளவு இல்லாத பழைய கிறித்தவ வழிபாட்டிசையை எழுதுவோர் தாளக்குறிச் செதுக்கரை வேலையிலிருந்து நீக்கிவிட்டால் அந்தக் குறி பக்கத்தில் தோன்றாது. இன்னும் மேலே சென்றால், மென்பொருளுக்குள்ளேயே பொதிந்துள்ள ஸ்கீம் என்னும் நிரல்மொழியில் புதிய செதுக்கர் ஒருவரையே பயனர் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நிறம் தந்து சிறுவர்களுக்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்குச் சில வரி நிரல் போதும்.

மேலைநாட்டு எல்லையைத் தாண்டும்போதே இந்த நெகிழ்வின் முழுப்பயன் விளங்குகிறது. துருக்கியின் மகாம் இசையில் ஒரு முழுச்சுர இடைவெளி, கோமா எனப்படும் ஒன்பது சிறுபகுதிகளாக எண்ணப்படுகிறது. மேலை இசையைப் போல அதைப் பாதியாக மட்டும் பிரிக்கும் மென்பொருளில் மகாமை எழுத வழியில்லை. லில்லிபாண்டோ சுரத்தின் ஏற்ற இறக்கத்தை முழுச்சுரத்தின் பின்னமாகவே பதிந்து வைக்கிறது. மேலை இசையின் கூட்டல் குறி அதற்கு வெறும் இரண்டில் ஒன்றுதான். எனவே ஒன்பதில் ஒன்று, ஒன்பதில் நான்கு, ஒன்பதில் ஐந்து எனப் பின்னங்களை வரையறுத்து, அவற்றுக்குரிய குறிகளையும் இணைத்த கோப்பு ஒன்று மென்பொருளோடு சேர்ந்தே வழங்கப்படுகிறது. அடிப்படை நிரலின் ஆக்கியோர் முன்கூட்டி எண்ணியிராத இசைமரபு ஒன்றுக்கும் இவ்வாறு இடம் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு உரிமைக்கு ஒரு விலையும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. இசைக்கோப்புக்குள் முழு நிரல்மொழி ஒன்றே இருப்பதால், தீய எண்ணம் கொண்டவர் இசையென்ற பெயரில் கேடு செய்யும் நிரலை நுழைக்க இயலும். லில்லிபாண்டைக் கொண்டு பக்கங்களில் இசைக்குறியீடு காட்டிவந்த விக்கிப்பீடியா, பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2020 ஜூலையில் அந்த வசதியை நிறுத்திவைத்து, நிரலைத் தனிச்சிறையில் இயக்கும் ஏற்பாட்டைச் செய்த பின்பே மீண்டும் வழங்கியது. பராமரிப்புச் சுமையும் சிறிதன்று. ஸ்கீம் மொழியை இயக்கும் கைல் என்ற துணைநிரலின் பழைய பதிப்பை லில்லிபாண்ட் பல ஆண்டுகள் விட முடியாமல் இருந்து, 2022 டிசம்பரில் வந்த 2.24ஆம் பதிப்பில்தான் கைல் 2.2க்கு மாறியது. ஒருவர் ஒரு திருத்தத்தை அனுப்பினால், நூற்றுக்கணக்கான சிறு இசைத்துணுக்குகளைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அச்சிட்டு, படத்தோடு படத்தைக் கணினி ஒப்பிட்டுக் காட்டும். மாறிய படங்களைப் பிற நிரலாளர்கள் கண்ணால் பார்த்து, குறித்த நாள்களுக்குள் மறுப்பு எழாவிட்டால் மட்டுமே திருத்தம் ஏற்கப்படும். வளைவு ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் அது தெரிந்துவிடும். இப்பணியில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

எழுதுவதையும் கேட்பதையும் திரையிலேயே செய்ய விரும்புவோர்க்கு மியூஸ்ஸ்கோர் என்னும் திறமூல மென்பொருள் உண்டு. ஜெர்மானியரான வெர்னர் ஷ்வேயர் 2002இல் வேறொரு இசை மென்பொருளிலிருந்து குறியீட்டுப் பகுதியைத் தனியே பிரித்தெடுத்து உருவாக்கியது இது. பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை இதில் பதிப்பித்து, கிமிகோ இஷிசாக்காவின் பியானோ ஒலிப்பதிவுடன் 2012இல் பொதுவுடைமையாக வெளியிட்டார்கள். எளிமையில் இது லில்லிபாண்டை விஞ்சும். ஆழமாக மாற்றியமைப்பதில் லில்லிபாண்டுக்கு ஈடாகாது.

திறமூலம் ஏன் வேண்டும் என்பதற்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்றே போதிய விடையாகும். 1988இல் வெளிவந்து, உலகெங்கும் இசையமைப்பாளர்களின் அன்றாடக் கருவியாக விளங்கிய ஃபினாலே என்னும் வணிக மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. தம் வாழ்நாள் படைப்புகளை அதன் கோப்புகளில் வைத்திருந்தவர்கள், மியூசிக் எக்ஸ்எம்எல் என்னும் பொதுப் பரிமாற்ற வடிவத்துக்கு அவற்றை ஒவ்வொன்றாக மாற்றும் வேலையில் இறங்க நேர்ந்தது. லில்லிபாண்டின் ஆக்கியோர் நாளையே ஓய்ந்தாலும், அதன் கோப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவும் அவற்றைப் படிக்கும் நிரல் எவரும் எடுத்து நடத்தக்கூடியதாகவும் எஞ்சி நிற்கும்.

தமிழ் இசையுலகத்துக்கும் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. லில்லிபாண்ட் யூனிகோடு எழுத்துகளை ஏற்பதால், பாடல்வரிகளைத் தமிழிலேயே இசைக்கு அடியில் அச்சிடலாம். சுரப்பெயர்களையும் விரும்பிய மொழியில் வைத்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது. டச்சு, இத்தாலியம், ஸ்பானியம், அரபு முதலியவற்றுக்குப் பட்டியல்கள் உடன் வருகின்றன; தமிழுக்கு இல்லை. ரி1, ரி2 என்று எழுதினால் இலக்கத்தைக் கால அளவாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும் என்பது முதல் இடையூறு. ஆனால் மேளகர்த்தா முறையில் ர, ரி, ரு என்றும் க, கி, கு என்றும் ம, மி என்றும் த, தி, து என்றும் ந, நி, நு என்றும் உயிரொலியை மாற்றியே சுரபேதங்களைச் சுட்டும் வழக்கம் முன்பே உள்ளது. சட்சம், பஞ்சமத்தோடு சேர்த்துப் 16 பெயர்களும் இலக்கம் இன்றியே அமைந்துவிடும். ருவும் கியும் ஒரே சுரத்தானம் ஆயினும் பெயரால் வேறு. லில்லிபாண்டும் சுரத்தின் பெயரையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் தனித்தனியே பதிவதால் அந்த வேறுபாடு அழியாது. சுரங்களை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகங்களோ இப்பட்டியலில் அடங்கமாட்டா. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கெனத் தனிக்குறிகள் வகுத்தார். அவற்றைக் கணினியில் எழுதப் புதிய எழுத்துருவும் புதிய செதுக்கர் நிரலும் தேவைப்படும். சுரப்பெயர்ப் பட்டியல் சில பத்து வரிகளில் முடியும் வேலை. கமகப் பணி சில ஆண்டுகள் கேட்கும். இசைக்கல்லூரிகளும் கணினித்துறை மாணவர்களும் கூடி, முதலில் அந்தப் பட்டியலையேனும் எழுதி வெளியிட வேண்டும்.