எங்கள் பிள்ளைகளும் எயார் ரைபிளும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தத்தையும் பிரஷரையும் பற்றித்தான் பேசுவார் என்று பலர் நினைத்திருப்பீர்கள். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நூற்றாண்டு நிதியில் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு வசதி செய்து கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. வலைப்பந்து, எல்லே, கரம், செஸ் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னோம். யாரோ ஒருவர் எயார் ரைபிள் என்றதும் எல்லோர் வாயும் அடைத்துப்போனது. அந்த யோசனையைத்தான் இன்று உங்கள் முன் எடுத்து வைக்கிறோம்.

வாயடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்கள் துவக்குச் சத்தத்துக்குள்ளேதான் படித்தோம். சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே படுக்க வேண்டும் என்பதை வாய்ப்பாட்டோடு சேர்த்துக் கற்ற பிள்ளைகள் நாங்கள். சாகாமத்துப் பக்கம் வயல் செய்த வாப்பாமார் மஃரிபுக்கு முதல் வீடு வந்து சேரும்வரை உம்மாமார் வாசலில் நின்றார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. பத்து வருடம் கழித்து, 2019 ஏப்ரலில், சாய்ந்தமருதில் வெடிச்சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு முஸ்லிம் பிள்ளை ஒருத்தியின் கையில் துவக்கு போல எதைக் கண்டாலும் ஊர் என்ன சொல்லும், நாடு என்ன சொல்லும் என்ற பயம் எங்களுக்கு வந்தது. அந்தப் பயத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. எயார் ரைபிள் என்றால் என்ன என்று அறிந்த பிறகு, பயப்பட வேண்டியது எது, பயப்படத் தேவையில்லாதது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

எயார் ரைபிளில் வெடிமருந்து இல்லை. அமுக்கி வைத்த காற்று ஒரு சின்ன ஈயச் சன்னத்தைத் தள்ளுகிறது. சன்னத்தின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், எடை ஏறத்தாழ அரைக் கிராம். ஒலிம்பிக்கில் சுடும் தூரம் 10 மீற்றர். இலக்கு அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர்தான், பேனா முனையால் வைத்த குற்று மாதிரி. ரைபிளின் எடை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. 75 நிமிடத்துக்குள் 60 தடவை சுட வேண்டும். 2018க்கு முன் பெண்களுக்கு 40 தடவைதான். இப்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே எண்ணிக்கை.

இதைப் போலச் சிறிய சக்தியோடு வெளியில், தூரத்தில் வைத்த இலக்கைச் சுடும் விளையாட்டும் இருக்கிறது. 1980 அளவில் இங்கிலாந்தில் தொடங்கியது. அந்த நாட்டுச் சட்டம் லைசன்ஸ் இல்லாத எயார் ரைபிளுக்கு ஏறத்தாழ 16 ஜூல் என்று எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே 50 மீற்றர் தூரத்தில் இருக்கும் சின்னத் தகட்டை விழுத்துகிறார்கள். சிலர் 100 யார் தூரத்துக்கும் முயல்கிறார்கள்.

இதில் உள்ள கணக்கைக் கேளுங்கள். சன்னம் செக்கனுக்கு 240 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. அது ஒலியின் வேகத்தை விடக் குறைவு. 50 மீற்றர் போவதற்குள் புவியீர்ப்பு அதைக் கால் மீற்றர் அளவு கீழே இழுத்துவிடும். 100 யார் போவதற்குள் ஏறத்தாழ ஒரு மீற்றர். அதோடு காற்றும் இருக்கிறது. சாகாமக் குளக்கட்டில் கச்சான் வீசும் காலத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். குறுக்கே மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு காற்று வந்தால் போதும். மரத்தின் சின்னக் கிளைகள் ஆடுகிற அளவுக் காற்றுத்தான் அது. 50 மீற்றரில் சன்னம் அரைச் சாண் விலகும். 100 யாரில் ஒரு முழத்துக்குக் கிட்ட விலகும்.

சக்தி கூடிய துவக்கு இந்தப் பிழைகள் பலவற்றை மறைத்துவிடும். சக்தி குறைந்தது ஒன்றையும் மறைக்காது. புல் எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீரில் சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் சுட வேண்டும். இதில் தோள்பலம் கொண்டு ஜெயிக்க முடியாது. கவனமும் பொறுமையும் உள்ள பிள்ளைதான் ஜெயிக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இது பொருந்தும் என்று நாங்கள் நினைப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் உடம்பு சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ரைபிளின் முனை இலேசாக அசையும். மூச்சு இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். அதனால் மூச்சை விட்டு, அடுத்த மூச்சு தொடங்குவதற்கு முன் இயல்பாக வரும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் விசையை அழுத்துகிறார்கள். அந்த இடைவெளியை இழுத்துப் பிடித்தால் சில செக்கன்களில் கண் மங்கும், கை நடுங்கும். அப்போது ரைபிளைக் கீழே வைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். சரியில்லை என்று கண்டால் நிறுத்துவதற்கும் அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். சுட்ட பிறகும் அசையாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் மெதுவாகப் போகும் சன்னம் குழலை விட்டு வெளியேற நேரம் எடுக்கும். பரீட்சைக் காலத்தில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது என்று கிளினிக்குக்கு வரும் பெண்பிள்ளைகளை நாங்கள் காண்கிறோம். தன் மூச்சைத் தானே அறிந்து அடக்கும் பழக்கம் அவர்களுக்கு வேறு இடங்களிலும் உதவும்.

பெண்களால் முடியுமா என்று இனிக் கேட்கத் தேவையில்லை. பெண்களுக்கான எயார் ரைபிள் போட்டி 1984இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர்கள் எயார் ரைபிள் சுட்ட இரண்டு பெண்கள், மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகத் தெஹானி எகொடவெல சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பரிஸிலும் இந்தியாவுக்காக நின்றார்.

2012இல் கத்தார் நாடு முதன்முறையாகப் பெண்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியபோது, கொடியைச் சுமந்து முன்னால் நடந்த பஹியா அல் ஹமத் எயார் ரைபிள் வீராங்கனை. அதே லண்டனில் மலேசியாவின் நூர் சூர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். சின்ன வயதில் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஜெய்ப்பூரின் அவனி லெகாரா, டோக்கியோவிலும் பரிஸிலும் பராலிம்பிக் தங்கம் வென்றார். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் இடம் உள்ள விளையாட்டு எங்கள் பாடசாலையில் வேறு என்ன இருக்கிறது?

இனி உண்மையாகப் பயப்பட வேண்டியதைச் சொல்கிறோம். சக்தி குறைந்தது என்பதால் எயார் ரைபிள் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. அரைக் கிராம் சன்னம் ஒரு கண்ணை முழுதாக அழித்துவிடும். அப்படி நடந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது, கழுவக் கூடாது, உள்ளே இருப்பதை எடுக்கப் பார்க்கக் கூடாது. கண்ணில் அமுக்கம் படாமல் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். சன்னம் ஈயம் என்பதால், தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது.

குருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டபோலோடு குளக்கட்டில் திரிந்த காக்காமாரை எல்லோரும் கண்டிருக்கிறோம். உயிருள்ளதை இலக்காக வைத்து எய்வதை நபியவர்கள் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் தடுத்திருக்கிறார்கள். எய்தலைக் கற்கத் தூண்டியவர்களும் அவர்கள்தான். இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளையின் கையில்தான் ரைபிள் போக வேண்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். முதல் வருடம் ரைபிள் வாங்க வேண்டாம். உரிய அதிகாரிகளிடம் அனுமதியை எழுத்தில் பெறுவோம். தகுதி பெற்ற பெண் பயிற்றுநர் ஒருவரைத் தேடுவோம். மண்டபத்துக்குள் 10 மீற்றர் போதும், சன்னத்தைத் தாங்கும் பின்தடுப்பும், எல்லோருக்கும் கண் கவசமும், இரண்டு சாவி போட்ட அலுமாரியும் வேண்டும். அந்தச் சாவிகள் இரண்டு பேரிடம் இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் ரைபிளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உம்மாமார் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைப்போம். வேண்டாம் என்று சொல்லும் உம்மாவை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்கிறோம். திருக்கோவில், தம்பிலுவில் பாடசாலைகளின் தமிழ்ப் பிள்ளைகளையும் தொடக்கத்திலேயே அழைப்போம். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர்களின் அம்மாமாரும் எங்கள் உம்மாமாரைப் போலவே வாசலில் நின்றவர்கள்தான். துவக்குக்குப் பயந்து வளர்ந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகள், பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து, ஒரு கடதாசி அட்டையைச் சுடட்டும். சுட்டு முடிந்ததும் ரைபிளைக் கீழே வைத்துவிட்டு அட்டைகளைச் சேர்ந்து எண்ணட்டும்.

சங்கம் இதை ஏற்றாலும் சரி, வேறொன்றைத் தெரிந்தெடுத்தாலும் சரி, பயத்தால் மட்டும் தள்ளிவிடாமல் பேசி முடிவெடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ராத்தாமார் தங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். எங்களை ஆளாக்கிய இந்தப் பாடசாலைக்கு அல்லாஹ் இன்னும் பல நூறாண்டு பரக்கத் செய்வானாக.