கேட்பாரற்ற வண்டி

இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் முதல் ஊதியத்தைக் கையில் வாங்குவீர்கள். அதற்கு முன்பே, வீட்டில் பழைய மோட்டார் வண்டி ஒன்று வாங்கும் பேச்சு எழுந்தால், "நீ படித்தவன், நீ பார்த்துச் சொல்" என்று உங்களைத்தான் கேட்பார்கள். அவ்வாறு கேட்கப்பட்ட ஒருவனாகவே இன்று உங்களிடம் பேசுகிறேன். தொழிற்கல்லூரி ஒன்றில் மோட்டார்ப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும், மாணவர்க்கு எஞ்சினைப் பிரித்துக் காட்டுவது வேறு. உறவினருடைய சேமிப்பை ஒரு வண்டியில் போடச் சொல்வது வேறு.

2025ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து என் தங்கையின் கணவர் வந்தார். அவர் பள்ளி ஆசிரியர். பெற்றோர், மனைவி, மூன்று பிள்ளைகள், தாம் என வீட்டில் ஏழு பேர். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணமும் சீட்டுப் பணமுமாக 7,50,000 ரூபாய் கையில் இருந்தது. "ஏழு பேரும் ஒன்றாகப் போகும்படி ஒரு வண்டி வேண்டும், மச்சான். இதற்கு மேல் ஒரு காசு கிடையாது" என்றார். அந்தப் பணத்துக்கு அவர் நாடிய இன்னோவா வண்டிகள் எல்லாம் 2012ஆம் ஆண்டைச் சேர்ந்தவையாகவும், இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியவையாகவும் இருந்தன. தரகர் ஒருவர் மட்டும், "டாடா ஹெக்ஸா இரண்டு இருக்கின்றன, யாரும் கேட்பதில்லை, குறைத்துக் கொடுப்பார்கள்" என்றாராம். யாரும் கேட்காத பொருளை நாம் ஏன் கேட்க வேண்டும் என்பது மாப்பிள்ளையின் அச்சம்.

அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் உலகம் ஒரு பொருளைக் கைவிடுவதற்குக் காரணம் இரண்டு வகையாக இருக்கலாம். பொருளிலேயே குறை இருக்கலாம். அல்லது, மீண்டும் விற்கும்போது விலை போகாது என்ற எண்ணம் வாங்குவோர் மனத்தில் இருக்கலாம். முதற்காரணம் நம்மைச் சுடும். இரண்டாவது, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவரைச் சுடுமேயன்றி, ஓடும்வரை ஓட்டப் போகிறவரை அவ்வளவாகச் சுடாது. ஆகவே, இந்த வண்டி ஏன் கைவிடப்பட்டது என்பதை முதலில் பார்த்தோம்.

ஹெக்ஸா 2017ஆம் ஆண்டு ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் விலை, வகைக்கேற்ப ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய் முதல் பதினேழரை லட்சம் ரூபாய் வரை. ஏறக்குறைய 4.8 மீட்டர் நீளமும் 1.9 மீட்டர் அகலமும் கொண்ட பெரிய உடல். தனிச் சட்டத்தின்மேல் அமைந்தது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை. 2.2 லிட்டர் டீசல் எஞ்சின். அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோவா கிரிஸ்டா, பெயராலும் மறுவிற்பனை மதிப்பாலும் குடும்பங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. ஹெக்ஸா அத்துடன் நின்றது. அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் அதன் புதிய வடிவம் ஒன்றைக் காட்டினார்கள். அது கடைக்கு வரவே இல்லை. இந்த வரலாற்றில் வண்டியின் நடமாட்டத்தைப் பற்றிய குறை எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விற்பனை குறைவு, விதி மாறிற்று, புதிய வண்டிகளில் பணம் போடுவதே ஆதாயம் என்று நிறுவனம் கருதிற்று.

நின்றுபோன வண்டிக்கு உதிரி உறுப்புக் கிடைக்குமா? இக்கேள்விக்கு ஒரே விடை சொல்லிவிட முடியாது. எஞ்சின், கிளட்ச் போன்ற ஓடும் உறுப்புகள் ஒருபுறம். விளக்குக் கூண்டு, முன்பக்கத் தடுப்பு, கதவின் உள்ளலங்காரம் போன்ற மேனி உறுப்புகள் மறுபுறம். ஹெக்ஸாவின் எஞ்சின் சஃபாரி ஸ்டார்ம் என்னும் வண்டிக்கும் பொதுவானது. ஆதலால் அவ்வகை உறுப்புகளுக்கு அத்தனை பஞ்சம் இல்லை. மேனி உறுப்புகள் அந்த வண்டிக்கே உரியவை. மதுரையில் எனக்குத் தெரிந்த உதிரிப்பாகக் கடைக்காரரைக் கேட்டேன். "எஞ்சின் சாமான் எல்லாம் இரண்டு நாளில் வரும், சார். முன்விளக்கு உடைந்தால் சொல்லி வைத்துக் காத்திருக்கத்தான் வேண்டும்" என்றார். விளக்கு உடையாமல் ஓட்ட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இவ்வளவும் பொதுவான ஆராய்ச்சி. ஆனால், நாம் வாங்குவது ஹெக்ஸா என்ற இனத்தை அன்று. எதிரே நிற்கும் ஒரு வண்டியை. ஓரினத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதை அன்றே கண்டோம்.

முதல் வண்டி திருநெல்வேலியில் ஒரு விற்பனை வளாகத்தில் நின்றது. 2018ஆம் ஆண்டுப் பதிவு. கியர் தானாக மாறும் வகை. 19 அங்குலச் சக்கரங்கள். ஆறு காற்றுப் பைகள். கண்ணாடி போல் மின்னியது. உள்ளே மல்லிகை மணம் கமழ்ந்தது. விலை 6,20,000 ரூபாய். மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. எனக்கோ அந்த மல்லிகை மணம் பிடிக்கவில்லை. ஒரு வண்டிக்குள் இத்தனை மணம் எதற்கு?

2023ஆம் ஆண்டு டிசம்பரை மறந்திருக்கமாட்டீர்கள். அம்மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை நீரில் ஆழ்த்தியது. 17, 18ஆம் நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எத்தனையோ வண்டிகள் அப்போது மூழ்கின. மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைப்புக் கிடங்குக்குப் போய்விடுவதில்லை. கழுவி, உலர்த்தி, மணமூட்டி விற்பவர்களும் உண்டு. வெளியே தெரியும் சேற்றைக் கழுவலாம். ஆனால், நீர் புகுந்த இடமெல்லாம் கை புகாது. இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். பின்னிருக்கையின் வாரை நான் கடைசி வரை இழுத்தேன். முதல் மூன்று அடி புதிது போல் இருந்தது. இறுதி அரை அடியில் காவி நிறத்தில் ஒரு கோடு. முன்னிருக்கையின் கீழே குனிந்து கைவிளக்கை அடித்தேன். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளில் துரு. "கடற்காற்று, சார்" என்றார் விற்பவர். கடற்காற்று இருக்கைக்குக் கீழே மட்டும் வீசுமா என்று கேட்க நினைத்தேன்; கேட்கவில்லை. நீரில் நின்ற வண்டி ஓடலாம்; ஓராண்டு கூட நன்றாக ஓடலாம். பிறகு ஒருநாள் கணிப்பொறிப் பெட்டியின் முனைகளில் பச்சை பூத்து, நடுச்சாலையில் நின்றுவிடும். காற்றுப் பை விரிய வேண்டிய நேரத்தில் விரியுமா என்பதற்கும் உறுதி இல்லை. ஆறு காற்றுப் பைகள் என்று எழுதியிருப்பதால் பயன் என்ன? திரும்பிவிட்டோம். வரும் வழியெல்லாம் மாப்பிள்ளை பேசவில்லை.

இரண்டாவது வண்டி மதுரையில் ஒரு வீட்டின் பின்புறம், வேப்பமரத்தின் கீழ் நின்றது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதப் பதிவு, எக்ஸ்.எம். என்னும் நடுத்தர வகை. கையால் கியர் மாற்றுவது. 16 அங்குலச் சக்கரம். 88,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மேலெல்லாம் வேப்பம்பூவும் பறவை எச்சமும். உரிமையாளர் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர். டீசல் ஊற்றிய நாள் முதற்கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். கேட்ட விலை 7,10,000 ரூபாய்.

நாங்கள் சென்றபோது எஞ்சின் சூடாக இருந்தது. "உங்களுக்காகவே ஓட்டி வைத்தேன்" என்றார் அவர், உபசாரமாக. சூடான டீசல் எஞ்சின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு வருகிறோம், அதுவரை கிளப்பாதீர்கள் என்று வேண்டிக்கொண்டோம். வந்தோம். முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது. புகையைக் கவனித்தேன். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். கரும்புகை, டீசல் மிகுதியாகப் போகிறது என்பதற்கு அடையாளம். வெண்புகை நெடுநேரம் நீடித்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும். சற்றே சாம்பல் நிறமாக ஒரு மூச்சு வந்து மறைந்தது, வேறொன்றும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கையை மேலே வைத்துப் பார்த்தேன். உள்ளிருந்து காற்று பீறிடவில்லை.

ஓடிய தூரம் உண்மையா என்பதற்குக் கடிகாரத்தை நம்புவதில்லை. பிரேக் மிதியின் ரப்பரையும் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பையும் பார்ப்பேன். தேய்மானம் ஒத்திருந்தது. பிறகு காப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கினேன். அதில் இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடி 50 விழுக்காடு என்று இருந்தது. இந்தச் சிறு எண் நிறையப் பேசும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இழப்பீடு கேட்காதவர்க்கே அந்த 50 கிடைக்கும். ஒருமுறை கேட்டாலும் பழையபடி பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதாவது 2023ஆம் ஆண்டு டிசம்பரும் அதனுள் அடங்கிவிட்டது. அந்தத் தள்ளுபடி உரிமையாளரோடு போவது, வண்டியோடு வாராது. எங்களுக்குப் பணமாக உதவாவிட்டாலும் சான்றாக உதவியது. இருந்தாலும் இருக்கை வாரை இழுத்துப் பார்க்காமல் விடவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. நான்கு டயர்களிலும் 1219 என்ற எண் இருந்தது. 2019ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரத்தில் செய்யப்பட்டவை என்று அதற்குப் பொருள். பூத்தேய்வு குறைவுதான், ஆயினும் ஆறாண்டு முதிர்ந்த ரப்பரை ஏழு உயிர்களுக்குக் கீழே வைக்க எனக்கு மனமில்லை. முன் சக்கரங்களின் தாங்கு புஷ்கள் குழிகளில் தடதடத்தன. மூன்றாம் வரிசைக்குக் குளிர்காற்று போதுமானபடி வரவில்லை. மின்கலம் சோர்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் கணக்குப் போட்டார்: டயர்களுக்கு 36,000, புஷ்களுக்கும் அதிர்வு தாங்கிகளுக்கும் 28,000, குளிர்சாதனத்துக்கு 11,000, மின்கலத்துக்கு 8,000; ஆக 83,000 ரூபாய். சிறிய சக்கரம் ஆதலால்தான் டயர் இந்த விலைக்கு முடிந்தது. 19 அங்குலமாயிருந்தால் இன்னும் போயிருக்கும்.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. இவ்வகையில் முன்னிருப்போர் இருவருக்கே காற்றுப் பை. மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொன்னேன். பின்னால் அமரும் பிள்ளைகள் வார் பூட்டாமல் வண்டி நகரக் கூடாது. எண்பதுக்கு மேல் வேகம் கூடாது. அவர் இரண்டுக்கும் உடன்பட்டார். பழைய இன்னோவாவை நினைத்து இன்னும் சற்றுத் தயங்கினார். அதன் உழைப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குரியது. 2012ஆம் ஆண்டு வண்டி 2027இல் தகுதிச் சோதனைக்குப் போய் நிற்க வேண்டும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேப்பமரத்தடி வண்டிக்கு 2034 வரை தவணை இருந்தது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் முகம் தெளிந்தது.

டீசல் செலவை மட்டும் நான் சமாதானம் செய்யவில்லை. குறிப்பேட்டின்படி நகரத்தில் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர். நாள்தோறும் பள்ளிக்கு ஓட்டிப் போவதாயிருந்தால் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அவர் பள்ளிக்கு மிதிவண்டியில் போகிறவர்.

பழுதுக் கணக்கைப் பெரியவர்முன் வைத்தோம். அவர் அதைத் தம் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்து, டயர் வாங்கிய நாள் எதுவும் அதில் இல்லாததைக் கண்டு, தாமே தலையசைத்தார். 6,35,000 ரூபாய்க்கு முடிந்தது. வண்டிமேல் இருந்த கடன் தீர்ந்ததற்கு வங்கியின் சான்றும் 35ஆம் படிவமும், பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் படிவங்களும் கைக்கு வந்த பிறகே முழுப் பணமும் கொடுக்கப்பட்டது. காப்பீட்டையும் மாற்றிய பின், 7,50,000இல் மிஞ்சியது சில ஆயிரமே.

வண்டி கோவில்பட்டிக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை திருச்செந்தூருக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. பிள்ளைகள் பின்னால் ஏறி வார் பூட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாயார், நான் அத்தை என்று அழைப்பவர், கதவருகில் வந்து நின்று படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூட்டுவலிக்காரர். வண்டியின் தளம் அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. இரண்டு ஊர்களில் இரண்டு வண்டிகளைத் தலைகீழாகப் பார்த்தோம். ஏற வேண்டியவரை அழைத்துப் போய் ஒருமுறை ஏற்றிப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. "நல்லா பாத்தீங்க போங்க" என்றார் அத்தை. என் தங்கை சமையலறைக்குள் ஓடிப் போய், மேல் தட்டில் சாமான் எடுக்கப் போட்டிருந்த மரமுக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அதன்மேல் கால் வைத்து அவர் ஏறினார். இப்போதும் அந்த முக்காலி வண்டியின் பின்பக்கத்தில்தான் கிடக்கிறது. சமையலறைக்கு வேறொன்று வாங்கியிருக்கிறார்கள்.