பொருளியல் நம் பிள்ளைகளுக்கும்தான்

(கொலன்னாவையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அதோடு நம் சம்பளக் கணக்கையும் பாருங்கள்.

2021இல் சம்பளச் சபை ஊடாக நமது நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024இல் 1,350 ரூபா. மூன்று ஆண்டில் 35 வீத உயர்வு. இடையில், 2022 செப்டெம்பரில், ஒரே ஆண்டுக்குள் கொழும்பில் விலைவாசி ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. கையில் கூடிய சம்பளம் கடையில் குறைந்துவிட்டது. பணக்கூலி வேறு, மெய்க்கூலி வேறு என்று பொருளியல் சொல்வது இதைத்தான்.

பேச்சுவார்த்தைக்குக் கம்பனிகள் உற்பத்திச் செலவு, ஏல விலை என்று கணக்கோடு வருகின்றன. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் பக்கமும் வேண்டும். கொழுந்துக் கூடையின் பாரம் தெரிந்த பிள்ளைகளே அதற்குப் பொருத்தம்.

பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் இதைக் கற்கலாம். வசதி குறைந்தோருக்கு மஹாபொல புலமைப்பரிசில் உண்டு. வங்கி, ஆசிரியப் பணி, அரச நிர்வாகம் என வேலைக்கும் வழியுண்டு. கணிதத்தை மட்டும் கைவிட விடாதீர்கள்.

கடை வேலைக்கென்று கொழும்பு வந்த நம் பிள்ளைகள் ஏராளம். அடுத்து வருபவர்கள் படிக்க வரட்டும்.