பிரிவு 29ஐ வகுப்பறைக்குள் கொண்டுசெல்வோம்

(கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏழு வயதுக் குழந்தை ஒன்று வகுப்பில் எழுந்து நின்று, "எனக்குப் புரியவில்லை" என்று சொல்கிறது. இந்தச் சிறு வாக்கியத்தைச் சொல்ல அக்குழந்தைக்கு என்னென்ன தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடி விழாது என்ற நம்பிக்கை வேண்டும். தன் வீட்டுப் பேச்சைக் கேட்டு எவரும் சிரிக்கமாட்டார்கள் என்ற துணிவு வேண்டும். வயிற்றில் பசி இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கேட்பதற்கு வகுப்பில் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்.

குழந்தையின் ஆளுமை வளர்ச்சி என்று நான் குறிப்பிடுவது இதைத்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு, மேடையேறி ஆங்கிலத்தில் நான்கு வரி பேசப் பழக்கும் வியாபாரத்தை அல்ல.

இது நம்முடைய விருப்பம் மட்டுமல்ல, நாட்டின் சட்டமும் ஆகும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பாடத்திட்டமும் மதிப்பீடும் குழந்தையின் அனைத்து வகை வளர்ச்சியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. குழந்தை செய்துபார்த்தும் தேடிக் கண்டறிந்தும் கற்க வேண்டும். இயன்றவரை தாய்மொழியில் கற்க வேண்டும். அச்சமும் பதற்றமும் இன்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. 17ஆவது பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நம் இயக்கத்தில் இச்சட்டத்தைப் பற்றிப் பேசும்போது 25 சதவீத இடஒதுக்கீட்டோடு நின்றுவிடுகிறோம். 29ஆவது பிரிவைப் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

ஆனால் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக இருக்கின்றன. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் என்று அதே சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. இரண்டு பேர் இருந்தாலும் ஐந்து வகுப்புகளை அவர்கள்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரே என்றால்? முதல் வகுப்புக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் ஐந்தாம் வகுப்பு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். பதிவேடு, வாக்காளர் பட்டியல், செயலியில் படம் ஏற்றுவது எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். ஒரு குழந்தை ஏன் மூன்று நாட்களாக வாய் திறக்கவில்லை என்று கவனிக்க அவருக்கு நேரம் ஏது? எனவே ஆசிரியர் பணியிடங்களை நிரப்பக் கோரும் போராட்டத்தை ஊழியர் கோரிக்கை என்று மட்டும் பார்ப்பது பிழை. அது குழந்தையின் கோரிக்கை.

அடுத்தது தேர்ச்சிப் பிரச்சினை. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றிருந்த 16ஆவது பிரிவை 2019இல் திருத்தினார்கள். 2024 டிசம்பரில், ஒன்றிய அரசின் பள்ளிகளில் 5, 8 ஆகிய வகுப்புகளில் தேர்வில் தவறி, இரண்டு மாதத்திற்குள் நடக்கும் மறுதேர்விலும் தவறினால் அதே வகுப்பு என்று விதி வந்துவிட்டது. தமிழ்நாடு இதை ஏற்கவில்லை. "ஆல் பாஸ் போட்டதால்தான் பிள்ளைகள் படிப்பதில்லை" என்று நம் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கவலை பொய்யல்ல; எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் ஐந்தாம் வகுப்புக்கு வரும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் தொடர் மதிப்பீட்டுக்கு உரிய ஆசிரியரையும் நேரத்தையும் தராமல் விட்டது யார்? அந்தக் குற்றத்துக்குப் பத்து வயதுக் குழந்தையை மீண்டும் அதே பெஞ்சில் உட்கார வைப்பது என்ன நியாயம்? அப்படி உட்கார வைக்கப்படும் குழந்தை பெரும்பாலும் யார் வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா வழக்கறிஞராக இருந்தவர். கதை, விளையாட்டு, நாடகம் வழியே கற்பிக்க முயலும் ஆசிரியர் ஒருவரைப் பற்றிய அவரது நூல் தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் கிடைக்கிறது. அவர் மார்க்சியர் அல்லர். இருப்பினும் நம் ஆசிரியத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல் அது.

சாதியைத் தவிர்த்து இதைப் பேச முடியாது. 2021 டிசம்பரில் உத்தரகண்டின் சம்பாவத் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைத்த மதிய உணவை ஆதிக்கச் சாதி மாணவர்கள் உண்ண மறுத்தார்கள். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். எதிர்ப்புக்குப் பிறகே மீண்டும் அமர்த்தப்பட்டார். சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே ஆணையிட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் வெறுப்போடு பிறக்கவில்லை. வீட்டிலிருந்து அதைத் தட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது அவர்களுக்கு ஒரு பாடம். அதை நடத்தும் சமையலருக்கு ஒன்றிய அரசு 2009இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு. சில மாநிலங்கள் தம் பங்காகக் கூட்டித் தருகின்றன. யாரைப் பெருக்கச் சொல்கிறார்கள், யாரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

இனி நம்மைப் பற்றி. நான் என் மகனை அடித்திருக்கிறேன். கணக்குத் தவறாகப் போட்டதற்காக, கட்சிக் கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில். அன்று கூட்டத்தில் ஜனநாயக உரிமை பற்றித்தான் பேசினேன். அவனுக்கு இப்போது முப்பது வயது. அந்த நாள் அவனுக்கு நினைவிருக்கிறது. நம் வீடுகளில் நடப்பதை மறைத்துக்கொண்டு ஆசிரியரின் பிரம்பைக் கண்டிக்க நமக்குத் தகுதி வராது. அரசுப் பள்ளியைக் காக்க முழக்கமிட்டுவிட்டுத் தம் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றும் தோழர்களும் இதையே யோசிக்க வேண்டும். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் விலகினால் அங்கே கேள்வி கேட்பவர் யார்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். பெரும்பாலான இடங்களில் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கே வந்து கையொப்பம் வாங்கிச் செல்கிறது. கிளைகள் இதை மாற்ற முடியும். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் உள்ள தாய்மார்களை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கூலி போகாத நேரத்தில் கூட்டத்தை வைக்கச் சொல்லுங்கள். ஆசிரியரை மிரட்டப் போகாதீர்கள். அவர் நமது பகைவர் அல்லர். காலிப் பணியிடம் எத்தனை, பிரம்பு இருக்கிறதா, நூலகப் பெட்டி பூட்டிக் கிடக்கிறதா, கழிப்பறையைச் சுத்தம் செய்வது யார் என்று கேளுங்கள். பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையொப்பமிடுங்கள். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் அந்தப் பதில்களோடு சந்திப்போம்.