மெக்சிகோவில் தொகுதிக்குக் கோடு போடும் விதம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு அனுபவத்தைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். வெளிநாட்டு அனுபவம் என்றால் குளிர், சாப்பாடு, விசா, இந்த மூன்றுதான். அதை எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். நான் மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், அமெரிக்க எல்லையை ஒட்டிய டிஹுவானா நகரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். அந்த நாட்டில் பாராளுமன்றத் தொகுதிக்கு எப்படி எல்லை போடுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுகிறேன். கட்சி அரசியல் பேச வரவில்லை, பயப்பட வேண்டாம். பாதி விஷயம் நம்ம ஹீட் ட்ரீட்மென்ட் லேப் சம்பந்தப்பட்டது.

மெக்சிகோவின் கீழ்ச்சபையில் 500 பேர். அதில் 200 பேர் கட்சிகள் வாங்கும் ஓட்டு விகிதப்படி வருகிறார்கள். மீதி 300 பேர் நம்மைப்போலவே தொகுதிக்கு ஒருவர். 1977 சீர்திருத்தத்திலிருந்து இந்த 300 மாறவே இல்லை. மொத்தம் மாறாது என்றால் என்ன அர்த்தம்? ஒரு மாநிலத்துக்கு ஒன்று கூடினால் இன்னொரு மாநிலத்துக்கு ஒன்று குறைந்தே ஆக வேண்டும். யாருக்குக் குறைப்பது? அங்கேதான் சண்டை வரணும். ஆனால் பெரிதாக வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் என் ஆச்சரியம். 1971 கணக்கெடுப்போடு மாநிலங்களின் எண்ணிக்கையை நிறுத்திவைத்த நாட்டிலிருந்து போனவன் அல்லவா!

முதலில் அங்கேயும் ஒழுங்காக இல்லை. 1978-இல் போட்ட எல்லையை வைத்துக்கொண்டு 1979-இலிருந்து 1994 வரை எல்லாத் தேர்தலையும் நடத்தினார்கள். அதற்குள் ஜனங்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். தலைநகரம் மெக்சிகோ சிட்டியில் 1985 செப்டம்பர் 19-ஆம் தேதி பெரிய பூகம்பம். நகரத்தின் நடுப்பகுதியை விட்டுப் பலர் வெளியேறினார்கள். 1980-இல் 88 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1990 கணக்கெடுப்பில் 82 லட்சம். அதே காலத்தில் வடக்கே எல்லையோரத்தில் தொழிற்சாலைகள் வந்து, டிஹுவானா போன்ற ஊர்கள் வீங்கிக்கொண்டே போயின. ஜனம் ஒரு பக்கம், தொகுதி ஒரு பக்கம். தேர்தல் நிர்வாகமோ உள்துறை அமைச்சகத்தின் கையில். பல பத்து வருடங்களாக ஒரே கட்சி ஆட்சி. கோட்டை மாற்ற யாருக்கு அவசரம்?

1990-இல் தேர்தலுக்கென்று தனி நிறுவனம் வந்தது. 1996-இல் அது அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. அதே வருடம் புது எல்லை போட்டார்கள். தலைநகரத்துக்கு இருந்த 40 தொகுதி 30 ஆனது. அடுத்த வருடமே, 1997 தேர்தலில், ஆளும் கட்சி முதல் தடவையாகக் கீழ்ச்சபையில் பெரும்பான்மையை இழந்தது. அதற்கு எல்லை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே காற்றில் வந்தவை, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு முறையும் தலைநகரம் இளைத்துக்கொண்டே போனது. 2005-இல் 27, 2017-இல் 24, 2022-இல் 22. நான் இருந்த பாஹா கலிஃபோர்னியா மாநிலம் 6-இலிருந்து 8, பிறகு 9. கணக்கு ரொம்ப எளிது. 2020 கணக்கெடுப்பில் நாட்டின் ஜனத்தொகை 12 கோடியே 60 லட்சம். 300-ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 4,20,000 பேர். தலைநகரத்தில் 92 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், 21.9 வரும். பாஹா கலிஃபோர்னியாவுக்கு 8.97. எவ்வளவு சின்ன மாநிலமானாலும் 2 தொகுதி உண்டு. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தலைநகரம் 18 இடங்களை இழந்தும் எரிமலை வெடிக்காததற்கு இந்த எளிமைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விதியை முதலில் சொல்லிவிட்டார்கள், விடை பிறகு வந்தது.

மாநிலத்துக்குள்ளே கோடு போடுவதுதான் கஷ்டம். அங்கேதான் நம்ம உலை வருகிறது. இரும்பை நன்றாகச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டால் உள்ளே இருக்கும் இறுக்கமெல்லாம் தளர்ந்துவிடும் என்று படித்தோமே, அனீலிங். அதையே ஒரு கணக்குமுறையாக 1983-இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2005 எல்லை வேலைக்கு மெக்சிகோக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் முதலில் ஏதோ ஒரு வரைபடத்தோடு ஆரம்பிக்கும். ஒரு துண்டு நிலத்தை இந்தத் தொகுதியிலிருந்து அந்தத் தொகுதிக்கு மாற்றிப் பார்க்கும். நன்றாக வந்தால் வைத்துக்கொள்ளும். மோசமாக வந்தாலும், சூடு அதிகமாக இருக்கும் ஆரம்பத்தில், சில சமயம் வைத்துக்கொள்ளும். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு சுமாரான வரைபடத்திலேயே மாட்டிக்கொள்ளும். சூடு குறையக் குறைய மோசமானதை ஏற்காது. லட்சக்கணக்கான தடவை இப்படி.

நல்லது கெட்டது என்பதை ஒரே எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். ஜனத்தொகை சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. வடிவம் வால் முளைத்ததுபோல் இருக்கக் கூடாது. நகராட்சியை முடிந்தவரை உடைக்கக் கூடாது. மலைப்பிரதேசத்தில் ஊருக்கு ஊர் போகும் பயண நேரத்தையும் பார்க்க வேண்டும். வந்த வரைபடத்தைக் கட்சிகளிடம் காட்டுவார்கள். மாற்றம் கேட்கிற கட்சி, தன் வரைபடத்தில் அந்த எண் இன்னும் குறைகிறது என்று காட்டினால்தான் பேச்சு எடுபடும். "அந்தப் பேட்டை எங்க கோட்டை" என்பதெல்லாம் வாதமே இல்லை. என்ன, எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்று தீர்மானிப்பது மனிதர்கள்தான். அதை மிஷின் தலையில் கட்ட முடியாது.

கோடு மட்டும் போதாது என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. 2005-இல் பூர்வகுடி மக்கள் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி 28 தொகுதிகள் அமைந்தன. ஆனால் அங்கிருந்து ஜெயித்து வந்தவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடியினர் அல்ல. கடைசியில் 2018 தேர்தலில் அவற்றில் 13 தொகுதிகளில் பூர்வகுடி வேட்பாளரைத்தான் நிறுத்த வேண்டும் என்று கட்சிகளுக்கு உத்தரவே போட வேண்டியிருந்தது.

உறுப்பினர்கள் கதை இன்னும் வேடிக்கை. 1933-இலிருந்து அங்கே ஒரு உறுப்பினர் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. மூன்று வருடம், முடிந்தது. பாஹா கலிஃபோர்னியாவின் 1-ஆவது தொகுதியைப் பாருங்கள். 1954-இல் அங்கிருந்துதான் அவுரோரா ஹிமேனெஸ் என்ற அம்மையார் மெக்சிகோவின் முதல் பெண் உறுப்பினராகச் சபைக்குப் போனார். பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டுரிமை வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த 1 என்ற எண் இன்றும் இருக்கிறது; அதற்குள் இருக்கும் நிலம்தான் பல தடவை மாறிவிட்டது. மெக்சிகோ சிட்டியின் 40-ஆம் தொகுதிக்கோ அந்த எண்ணும் மிஞ்சவில்லை.

2014-இல் சட்டத்தைத் திருத்தி, தொடர்ந்து நான்கு முறை வரை இருக்கலாம் என்றார்கள். 2021-இல் முதல் தடவையாகப் பதவியிலிருந்தவர்களே மறுபடி நின்றார்கள். 2025-இல் திரும்பவும் திருத்தம்: 2030 தேர்தலிலிருந்து பழையபடி கூடாது. எனக்கு இது நஷ்டமாகத்தான் படுகிறது. கோட்டை இவ்வளவு நேர்மையாகப் போட்டுவிட்டு, அந்தக் கோட்டுக்குள் இருக்கிறவன் தன் உறுப்பினரை "நல்லா செஞ்சே, மறுபடி போ" என்றோ "போதும், வீட்டுக்குப் போ" என்றோ சொல்ல முடியாமல் செய்தால் எப்படி? டிஹுவானாவில் என்னோடு வேலை செய்தவர்களிடம் இதைச் சொன்னேன். "பதவியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்காத காலத்தை எங்க தாத்தா பார்த்திருக்கார், உனக்குத் தெரியாது" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.