விரல் ரேகைக்கு முன் பிறப்புப் பதிவு
(ஊர்காவற்றுறையில் ஆற்றிய உரை)



1990-இல் படையினர் தீவகத்துள் புகுந்தபோது நம்மவர் உடுத்த உடையோடு வெளியேறினர். பலர் கடல் கடந்தனர். காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் வீட்டுக் கூரையோடு போயின. தமிழக முகாம்களிற் பிறந்து, இலங்கைப் பதிவில்லாமலே ஊர் திரும்பிய பிள்ளைகள் உளர்.

1968-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டம் தந்தது ஆள் அடையாள அட்டை. கைரேகை, கண்மணி, முகம் மூன்றையும் கணினியிற் பதியும் புதிய முறைக்கு, இந்திய உதவி பெற 2022 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. இதனை நாம் எதிர்க்கவில்லை. நெடுந்தீவுக் கமக்காரர் ஒரு பத்திரத்துக்காகப் படகேறி, பஸ் ஏறி, ஒரு நாட் கூலியை இழப்பது ஒழியுமாயின் நன்றே. ஆயின், அட்டைக்கு இன்று பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்; நாளையும் அதையே கேட்பின், அஃதில்லாதவருக்கு விரல் இருந்தென்ன?

இன்னுமொன்று. வங்காளதேசத்தில் ஐ.நா. அகதிகள் நிறுவனம் ரோகிங்கியரிடம் திரட்டிய விபரங்கள், எவரிடமிருந்து அவர்கள் தப்பியோடினரோ அந்த மியன்மார் அரசுக்கே சென்றதை 2021-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளிப்படுத்திற்று. தலையாட்டியின் முன் வரிசையில் நின்ற உங்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் நிறைவேறியது மெய்தான். அது போதாது. நீதிமன்றக் கட்டளையின்றிப் படைத்தரப்பு இவ்விபரங்களைத் தொடலாகாது. பதிவற்றோருக்கான நடமாடும் சேவை முதலில் தீவுகளுக்கு வரவேண்டும். இவ்விரண்டையும் கேட்டுப் பிரதேச செயலகத்தில் மனுக் கொடுக்கவிருக்கிறோம். பதிவில்லாத பிள்ளைகளையுடையோர் கூட்டம் முடிந்ததும் இம்மேசையிற் பெயர் தாருங்கள்.